ருசியக்காவின் எச்சில்

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு உணவகத்தில் மேசை சொல்லியிருந்தது. பல் டாக்டரும் அவள் கணவரும் பன்னிரண்டு இருபதுக்கே வாசலில் நின்றார்கள். கணவர் பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிறவர். பத்து நிமிடம் முன்னால் போய்ச் சேராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த உணவகத்தின் தலைமைச் சமையல்காரன் அவருடைய தம்பி. டாக்டர் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பத்து வயது. தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும், காய்ச்சல் வந்தால் கண் விழித்ததும் அண்ணிதான். அப்படிப்பட்டவன், கடை திறந்து ஐந்து வாரமாகியும் அவர்களைக் கூப்பிடவில்லை. கேட்டால், "இன்னும் கொஞ்சம் செட் ஆகட்டும் அண்ணி" என்று நழுவினான். பொறுத்துப் பார்த்த அண்ணன்காரர், அலுவலக நண்பர் பெயரில் மேசை சொல்லிவிட்டார்.

"திடீர்னு போய் நிப்போம். பையன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாரு" என்றார்.

உள்ளே நல்ல வெளிச்சம். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. வெயில் மேசைவிரிப்பு மேல் மடிப்புக் கலையாமல் விழுந்திருந்தது. சுவரெல்லாம் கருங்கல் நிறம். மேசைக்கு ஒன்றாகப் பித்தளை விளக்குகள் தாழத் தொங்கின. இந்தியச் சாப்பாட்டையே பிரித்து மறுபடி கோத்து, கல் தட்டில் விரல்கடை அளவு வைத்து, மேலே ஒரு பூவிதழ் போட்டுக் கொடுக்கும் புது மாதிரி இடம். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக் கிடையாது. பேச்சும் இல்லை.

எல்லோரும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவசரமாக.

"பேசக்கூட நேரமில்ல பாரு. அவ்வளவு ருசி போல" என்று கணவர் பூரித்தார்.

டாக்டர் காற்றை மோந்து பார்த்தாள். ஏலக்காயும் வறுத்த மிளகும் மணந்த காற்றுக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் விரல் விட்டு வேலை செய்துவிட்டுக் கையுறையைக் கழற்றும்போது வருமே, அந்த வாடை. காய்ந்த எச்சில். வேலை நினைப்பு விட மாட்டேன் என்கிறது என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

முதலில் வந்தது தெளிந்த தக்காளிச் சாறு. கரண்டியைக் கையில் எடுத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ வாயிலிருந்து உருவிக் கொடுத்த மாதிரி.

குழிவில் பசபசவென்று ஒரு மினுமினுப்பு. துணியால் துடைத்தாள். துணிக்கும் கரண்டிக்கும் நடுவே மெல்லிய இழை ஒன்று இழுபட்டு நீண்டு அறுந்தது.

பரிமாறுகிறவரைக் கையசைத்து அழைத்தாள். ஐம்பது வயதுக்காரர். வந்து குனிந்தார்.

"இது கழுவாத கரண்டி. வேற குடுங்க."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, கரண்டியைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை. மூடிய அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து வந்து கொடுத்தார். அதுவும் வெதுவெதுப்பாக இருந்தது. அதிலும் ஈரம். டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாக் கரண்டியும் அப்படித்தாம்மா இருக்கும். நான் வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடறேன்."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று நகர்ந்துவிட்டார்.

கணவர் கிண்ணத்தை அப்படியே தூக்கிக் குடித்து முடித்திருந்தார். "அடடா! ஏன் முழிக்கிற? ஆறிடப் போகுது."

"உங்க கரண்டி எப்படி இருக்கு?"

"கரண்டி கரண்டி மாதிரி இருக்கு. நீ குறை கண்டுபிடிக்கவா வந்த? நம்ம பையன் சமையல்டி."

அதற்கு மேல் என்ன சொல்வது? பெற்ற பிள்ளையின் மார்க் ஷீட்டைப் பார்ப்பதுபோல் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு வாய் உறிஞ்சியதாகப் பாவனை செய்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

அடுத்து வந்தது ஒரே ஒரு பன்னீர்த் துண்டு. வண்டிச் சக்கரம் அளவு தட்டின் நடுவில், பச்சைச் சட்டினியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "கண்ணு தெரியாதவங்க தட்டைத்தான் சாப்பிடணும்" என்று கணவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அவள் கத்தி நுனியால் சட்டினியை ஒதுக்கினாள்.

அடியில் பல் தடம்.

துண்டின் ஓரத்தில் பிறை வடிவில் கடித்து எடுத்திருந்தது. கடித்த இடத்தை மறைக்கத்தான் சட்டினியைப் பூசியிருந்தார்கள். டாக்டர் குனிந்து பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. இருபது வருடப் பழக்கம். முகங்களை அவள் மறந்துவிடுவாள். கடைத்தெருவில் வணக்கம் சொல்கிறவரை யாரென்று தெரியாமல் திண்டாடுவாள். ஆனால் வாயைத் திறந்து காட்டினால் போதும், எந்தப் பல்லுக்கு என்ன செய்தோம் என்று சொல்லிவிடுவாள்.

மேலே இரண்டாவது பல் கொஞ்சம் திரும்பியிருந்தது. கீழே இடது பக்கம் ஒரு இடைவெளி. அதற்கு அடுத்த கோரைப்பல் கூர் இல்லாமல், ராவிவிட்ட மாதிரித் தட்டையாக இருந்தது.

இயற்கையில் அப்படித் தேயாது. மிஷின் வைத்து ராவியது.

இந்த வாய் அவளுடைய நாற்காலியில் திறந்திருக்கிறது.

யாருடையது என்று ஞாபகம் வருவதற்குள் மூன்றாவது தட்டு வந்துவிட்டது. வெள்ளை நுரை. அடியில் ஏதோ இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் பிடுங்கிய நோயாளி கிண்ணத்தில் துப்பும் நுரை அது. சின்னச் சின்னக் குமிழிகள் ஒவ்வொன்றாக வெடித்தன. நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு இழை நெளிந்தது. அடுத்த மேசைக்காரர் அதே நுரையை விரலால் வழித்து நக்கினார். அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டு தட்டை நக்கிக்கொண்டிருந்தாள்.

"இதையாவது சாப்பிடேன்" என்றார் கணவர், நான்காவது தட்டிலிருந்த இறைச்சித் துண்டை முள்கரண்டியில் குத்தி அவள் வாயருகே நீட்டியபடி. "எனக்காக."

வாங்கிக்கொண்டாள்.

வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது. மெல்ல எதுவும் இல்லை. நார் நாராகப் பிரிந்து, கொழகொழவென்று, உடம்புச் சூட்டில் இருந்தது. யாரோ மென்று, விழுங்க முடியாமல், வெளியே எடுத்து உருட்டி வைத்தது.

துணியில் துப்பினாள். மேசைக்கு அடியில் பிரித்துப் பார்த்தாள்.

நம் மேலண்ணத்தில், முன்பல்லுக்குப் பின்னால், மேடும் பள்ளமுமாகச் சில வரிகள் உண்டு. கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் வேறு. அந்த உருண்டையின் மேல்புறத்தில் அந்த வரிகள் அச்சாகப் பதிந்திருந்தன. யாரோ நாக்கு இல்லாமல், அண்ணத்தோடு வைத்து அழுத்தி அழுத்தியே தின்னப் பார்த்திருக்கிறார்கள்.

துணியை மடித்துக் கையில் பொத்திக்கொண்டாள். "கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்தவள், கழிவறைக்குப் போகாமல் சமையலறைக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஆறு பேர் வெள்ளைச் சட்டையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. நடு அடுப்புக்கு முன்னால் கொழுந்தன். அவனுக்கு இடது பக்கம் உயரமான முக்காலி ஒன்று காலியாகக் கிடந்தது. சட்டியும் தட்டும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் அந்த முக்காலியைச் சுற்றி வளைந்தே போனார்கள்.

அவன் கொதிக்கும் குழம்பில் கரண்டியை விட்டு எடுத்தான். ஊதினான். தன் வாய்க்குக் கொண்டு போகவில்லை. முக்காலிக்கு மேல், உட்கார்ந்திருக்கும் ஒருவரின் வாய் இருக்கும் உயரத்தில் நீட்டிப் பிடித்தான்.

ஈரமாக உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கரண்டியில் இருந்த குழம்பு நடுவிலிருந்து வற்றி, ஓரத்துக்கு வந்து, இல்லாமல் போயிற்று.

அவன் காதைச் சாய்த்துக் கேட்டான். "புளிப்பு தூக்கலா? சரிக்கா." ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டான். எச்சில் வழியும் அதே கரண்டியைச் சட்டிக்குள் விட்டுக் கிளறினான்.

"தம்பி."

திரும்பினான். முகத்தில் ரத்தமே இல்லை. "அண்ணி! நீங்க எப்ப வந்தீங்க? எதாவது சாப்பிட்டீங்களா? அண்ணி, சொல்லுங்க, சாப்பிட்டுட்டீங்களா?"

"இங்க யாரு உக்காந்திருக்கா?"

அவன் கரண்டியை வைத்துவிட்டு நெருங்கி வந்தான். மூச்சுவிடும் குரலில் பேசினான்.

"எனக்கு ருசி தெரியாது அண்ணி. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சு. உப்பும் ஒண்ணுதான், மண்ணும் ஒண்ணுதான். வெளிய தெரிஞ்சா என் பொழப்பு முடிஞ்சுது. அதனால என்கூட வேலை பார்த்த ருசியக்காதான் எனக்கு நாக்கா இருந்தாங்க. எல்லாத்தையும் ருசி பார்த்துச் சொல்லுவாங்க. அவங்களை நீங்க பார்த்திருக்கீங்க. நான்தான் உங்க கிளினிக்குக்குக் கூட்டிட்டு வந்தேன்."

இப்போது ஞாபகம் வந்தது. எட்டு மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை. குட்டையான ஒரு பெண், கை நிறைய அடுப்புத் தழும்பு. நாக்கு ஓரத்தில் ஆறாத புண். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். கோரைப்பல் உரசுவதால்தான் என்று டாக்டர் அதை ராவிவிட்டாள். "பத்து நாள்ல ஆறிடும். ஆறலைன்னா வாங்க." அந்தப் பெண் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இவளும் கேட்கவில்லை.

"ஆறிடுச்சா?" என்று கேட்டாள். கேட்கும்போதே தெரிந்திருந்தது.

"நாலு மாசம் வலியோடயே ஓட்டினாங்க. நான் கூப்பிட்டாலும், 'டாக்டரம்மாதான் ராவி விட்டாங்கல்ல, அவங்களைப் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது'ன்னுட்டாங்க. அப்புறம் ஆஸ்பத்திரில புத்துநோய்னு பாதி நாக்கை எடுத்தாங்க. அப்புறம் மிச்சத்தையும் எடுத்தாங்க. மூக்கு வழியா குழாய்ல கஞ்சி. கடை திறக்க ஒரு வாரம் இருக்கும்போது போயிட்டாங்க. கடைசி வரைக்கும் பசி அண்ணி. வாய்ல வச்சுப் பார்க்கணும்னு கையைக் காட்டிக் காட்டி அழுதாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கவனிக்காம விட்டதாலதான்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது? என்னை வளர்த்தவங்க நீங்க."

சட்டி கொதித்தது. ஆறு பேரும் கையை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

"திறந்த அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே புரியல. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. 'அக்கா, வாங்கக்கா'ன்னு வாய்விட்டுக் கூப்பிட்டேன்" என்றான். "வந்துட்டாங்க."

"வெளிய நாப்பது பேரு அவங்க எச்சிலைத் தின்னுட்டிருக்காங்கடா."

"ஒருத்தர்கூடக் குறை சொல்லல அண்ணி."

"நிறுத்துடா!"

அவளுக்கே தன் குரல் அதட்டலாகக் கேட்டது. வளர்த்த பிள்ளையை அறையலாம் போல இருந்தது. ஆனால் அறை வாங்க வேண்டியது யார்? அவள் முக்காலிக்கு முன்னால் போய் நின்றாள். அந்த வாடை அங்கேதான் கெட்டியாக இருந்தது. அதோடு அழுகிய சதையும் மருந்தும் கலந்திருந்தன.

"தப்பு என்னோடதுதான்" என்றாள் காலி இடத்தைப் பார்த்து. "நான் பார்த்திருக்கணும். திரும்பக் கூப்பிட்டிருக்கணும். இவனை விட்டுடுங்க. உங்களுக்கு என்ன வேணுமோ எங்கிட்டக் கேளுங்க."

முக்காலி கிரீச்சிட்டது. யாரோ இறங்குகிற சத்தம்.

முகத்தில் சூடாக மூச்சுப் பட்டது.

டாக்டர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மூடிய வாய்க்குள் அவள் நாக்கு அசைந்தது.

அவள் அசைக்கவில்லை. அது தானாக அசைந்தது. பல் வரிசையின் பின்னால் மேல் வலது கோடியில் தொடங்கி, ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டு வந்தது. அவள் நோயாளிகளைப் பார்க்கும் அதே வரிசையில், ஆனால் அவசரமில்லாமல். கீழே இடது கோரைப்பல்லில் வந்து நின்றது. அதன் கூரில் தன் ஓரத்தை வைத்து அழுத்தியது. உரசியது. மறுபடி உரசியது. வாயில் ரத்தம் கரித்தது. நாக்கு அதை ருசித்துச் சப்புக் கொட்டியது.

பிறகு உதடுகளைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது.

ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, டாக்டரின் உடம்பு குனிந்தது. அடுப்பு மேடையில் கிடந்த எச்சில் கரண்டியை அந்த நாக்கு அடியிலிருந்து நுனி வரை நக்கியது. அதோடு விடவில்லை. மேடையில் சிந்திக் காய்ந்திருந்ததை, அழுக்குத் துணியின் ஓரத்தை, வெட்டிப் போட்டிருந்த பச்சை இறைச்சியின் ஈரத்தை, ஒன்று விடாமல் நக்கியது. அவள் இரண்டு கையாலும் மேடையைப் பிடித்துத் தள்ளினாள். கழுத்து பின்னால் வரவில்லை. கண்ணீர் வழிந்தது. நாக்கு அதையும் எட்டி நக்கிக்கொண்டது.

"இப்ப உப்பு சரியா இருக்கு" என்றது அவள் வாய்.

அவள் குரல் இல்லை.

"அக்கா?" என்றான் கொழுந்தன். சின்னப் பிள்ளை மாதிரி.

அப்போதுதான் கழுத்து விட்டது. அவள் தொட்டிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். எடுக்க எடுக்க, நாக்கு அதைத் திரும்ப உள்ளே இழுக்கப் பார்த்தது.

கணவர் பதறிக்கொண்டு வந்து வீட்டுக்கு அழைத்துப் போனார். எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அவர் நம்பினாரா என்று தெரியாது. ஆனால் அன்று சாப்பிட்டதையெல்லாம் விரல் விட்டு வெளியே எடுத்தார். அதன்பிறகு வாய் கொப்பளித்தார், கொப்பளித்தார், பக்கெட் காலியாகும் வரை கொப்பளித்தார்.

உணவகத்தில் அன்று மாலையே கரண்டிகள் காய்ந்து சில்லென்று ஆகிவிட்டன. இரண்டே நாளில் தட்டுத் தட்டாகச் சாப்பாடு திரும்பி வந்தது. சிலது உப்புக் கடல், சிலது சப்பை. கொழுந்தன் முதலாளியிடம் உண்மையைச் சொல்லி வேலையை விட்டுவிட்டான். புதன்கிழமை போன் செய்தான்.

"முக்காலி காலியாவே இருந்துச்சு அண்ணி. நீட்டின கரண்டி நீட்டினபடியே இருந்துச்சு. அக்கா எங்க போனாங்க?"

டாக்டர் போனை வைத்துவிட்டாள். பேசுவதற்கு வாயைத் திறக்க அவளுக்குப் பயம்.

நான்கு நாளாக அவள் எதையும் சாப்பிடவில்லை. தண்ணீரை மட்டும் ஸ்ட்ராவால் தொண்டைக்குள் இறக்கிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டே நடமாடினாள். ஆனால் ஒரு வேலை செய்தாள். கிளினிக்கின் பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போட்டு, புண் என்று வந்து திரும்பி வராதவர்களைத் தேடினாள். ஒன்பது பேர். உதவியாளரை விட்டு ஒவ்வொருவரையும் கூப்பிடச் சொன்னாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் ஆள் வந்தார்; தையல்கடைக்காரர், அறுபது வயது.

"மறந்தே போச்சு டாக்டரம்மா. நீங்களா ஞாபகம் வச்சுக் கூப்பிட்டீங்களே, பெரிய மனசு" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார்.

விளக்கை இழுத்தாள். முகக்கவசத்தைச் சரி செய்துகொண்டு, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தாள். அவர் வாயைத் திறந்தார்.

பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் காலையில் குடித்த காபி அவள் நாக்கில் கசந்தது. கடைவாயில் சிக்கியிருந்த நேற்றைய மீன் நாறியது. அதற்கும் அடியில், நாக்கின் கீழே, இனிப்பாக, குழைவாக, மூன்றாவது ஒன்று. கண்ணாடியை அங்கே திருப்பினாள். பட்டாணி அளவில் வெள்ளை ஓரமிட்ட புண், ஈரத்தில் மினுங்கியது.

"சும்மா கொப்புளம்தானே?" என்றார் அவர், வாயைத் திறந்தபடியே குழறலாக.

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்று டாக்டர் நினைத்தாள். இன்றைக்கே, இப்போதே, ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது என்று நினைத்தாள். கையை எடுக்கவும் நினைத்தாள்.

கை எடுபடவில்லை. முகம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

நான்கு நாளாக இல்லாத பசி அவளுக்கு எடுத்தது. முகக்கவசத்துக்குள் வாய் ஊறி, தாடை வழியாகச் சொட்டியது.